தலைப்பக்கம் ஆள் வரவில்லை

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, தவசிலிங்கத்தின் காரணிகள் எல்லாரும் பெரியாஸ்பத்திரியில் ஆஜராக வேண்டும் என்று கார்டு வந்தது. முதுகெலும்பு ஆபரேஷன் என்றால் அங்கே அதுதான் வழக்கம். நோயாளி எதனால் இப்படி ஆனாரோ, இனி எதனால் தேறுவாரோ தேறாமல் போவாரோ, அந்தக் காரணங்கள் நேரில் வந்து, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, அவரைத் தியேட்டர் வரைக்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வார்டு பாய்கள் தூக்க மாட்டார்கள். அவர்களுக்கு அதில் சம்பந்தம் இல்லை.

பரமகுரு கொத்தனார் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'காரணி எண் நான்கு. கால் பக்கம். சொந்த ரசமட்டம் கொண்டுவரவும்.' அவ்வளவுதான் எழுதியிருந்தது.

தவசி அவருடைய தங்கை செண்பகவல்லியின் புருஷன். பதினோரு வருஷமாக அவரிடமே பூச்சு வேலை பார்க்கிறவன். போன சனிக்கிழமை சாரத்திலிருந்து விழுந்தான். அதிலிருந்து இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

செண்பகவல்லி, சுவரின் சரிவு பார்க்கிற ரசமட்டத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக் கையில் கொடுத்தாள். சிமெண்டு படிந்த கண்ணாடிக்குள் நீர்க்குமிழி பளிச்சென்று தெரிந்தது.

"போயிட்டு வாங்கண்ணே. அன்னைக்கு நீங்க மட்டும் அவரத் தூக்கலன்னா என்ன ஆயிருக்கும். நெனச்சாலே எனக்கு ஈரக்கொல நடுங்குது."

பரமகுரு செருப்பைத் தேடினார். செருப்பு காலில்தான் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் மேஜை போட்டு ஒரு கிளார்க் உட்கார்ந்திருந்தார். கார்டைக் கையில் வாங்கவே மாட்டேன் என்றார்.

"நீங்க யாரு?"

"காரணிங்க."

"அதுக்கு என்ன ஆதாரம்?"

"நான்தாங்க அவரக் கொண்டாந்து சேத்தது."

"அது நல்லது செஞ்சவங்க வரிசை. மாடியில. அங்க நிக்க இடமில்ல, அவ்வளவு கூட்டம். கெட்டது செஞ்சவங்க இந்தப் பக்கம், காலியாத்தான் கெடக்கு. உங்களுக்கு எது?"

பரமகுரு மாடிப்படியைப் பார்த்தார். காலியாகக் கிடந்த பக்கத்தைப் பார்த்தார்.

"ஒண்ணும் அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க" என்று கிளார்க் அவருடைய புறங்கையில் ஒரு முத்திரை குத்தினார். 'தற்காலிகம்' என்று ஊதா மையில் விழுந்தது. பரமகுரு எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தார். போகவில்லை.

உள்ளே பெஞ்சில் மற்ற காரணிகள் முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். நேரந்தவறாத ஜனங்கள். பன்னிரண்டடி என்று ஒருவன், நெட்டையாக, தலையைக் கூரை மோட்டில் இடிக்காமல் மடித்து வைத்திருந்தான். தவசி விழுந்த உயரம் அவன்தான். பக்கத்தில் பீடி. பேசினாலே புகை வந்தது. அதற்கடுத்து சர்க்கரை என்கிற அம்மாள், டிபன் கேரியரோடு. ஆறு வருஷமாகத் தவசியின் ரத்தத்தில் குடியிருக்கிறவள்.

"நான் பன்னெண்டு அடி. கூடவும் இல்ல, கொறயவும் இல்ல" என்றான் நெட்டையன். "கேட்டாங்க, சொல்லிட்டேன்."

"ஆபரேஷன் பண்ணுன எலும்பு சீக்கிரம் ஒட்டிராம நான் கொஞ்சம் இழுத்தடிப்பேன்" என்றார் பீடி. "இருவது வருசப் பழக்கமில்லையா. நானும் மறைக்கல, அப்படியே சொல்லிட்டேன்."

"எனக்குப் புண்ணு ஆறக் கூடாது. அது என் சுபாவம்" என்று சர்க்கரையம்மாள் கேரியரைத் திறந்தாள். "நீங்க என்ன செஞ்சீங்க தம்பி? ஒரு வாய் கேசரி சாப்பிடுங்க."

"நான் சும்மா கூட வந்தேன்" என்றார் பரமகுரு.

மூவரும் அவரைப் பார்த்தார்கள். கோபமாகப் பார்த்திருந்தாலும் பரவாயில்லை. பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் சுவரைக் கவனித்தார். வீட்டுக்காரர் கனகசபை அங்கே மாட்டியிருந்தார். அவர் கடிகாரமாகிவிட்டிருந்தார். போன வாரம் வரைக்கும் மனுஷர்தான். அவருடைய புது வீட்டுக்குப் பூச்சு வேலை நடக்கும்போதுதான் தவசி விழுந்தான். இப்போது காரணி எண் ஐந்து. முகம் அதே வட்ட முகம், நெற்றியில் அதே சந்தனம், மீசை இருந்த இடத்தில் முட்கள். மணி பத்தே கால். அவர் டிக் டிக் என்று ஓடவில்லை. "எடு, எடு, எடு, எடு" என்று ஓடினார்.

பரமகுரு கையில் வாங்கியிருந்த கேசரியைக் கீழே வைத்துவிட்டார்.

ஞானசெல்வி சிஸ்டர் ஒரு பலகையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். பலகையில் தவசி மல்லாந்து கிடந்தான். கழுத்தைச் சுற்றிப் பட்டை. கண் மட்டும் மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

"மச்சான் வந்துட்டீகளா? மேல பாருங்க. எவன் பூசுனானோ, மோட்டுல அலை அலையா நிக்கு. எங்கிட்டக் குடுத்திருந்தா இப்படி விடுவேனா?"

"பேசாதல மாப்ள. சும்மா கெட."

"வேற என்ன செய்ய? நாலு நாளா மோட்டத்தான பாத்துக்கிட்டு இருக்கேன்."

சிஸ்டர் ரசமட்டத்தை வாங்கித் தவசியின் நெஞ்சில் வைத்தாள். குமிழி நடுவில் நிற்க வேண்டும், அது நகராமல் எல்லாரும் ஒன்றாகத் தூக்க வேண்டும் என்றாள். நெட்டையன் இடது, பீடி வலது, சர்க்கரையம்மாள் இடுப்பு, பரமகுரு கால். தூக்கினார்கள். குமிழி சரசரவென்று கால் பக்கம் ஓடிப் போய் ஒட்டிக்கொண்டது. தலைப்பக்கம் தொங்கியது. தவசி பல்லைக் கடித்தான்.

"வைங்க, வைங்க" என்றாள் சிஸ்டர். "தலைப்பக்கம் ஆள் வரல."

"தலைக்கு யாரு?" என்றார் பீடி.

சிஸ்டர் கேஸ் சீட்டைப் புரட்டினாள். "காரணி எண் ஒண்ணு. 'விழுந்தவரைத் தூக்கி நிறுத்தியவர்'னு இருக்கு. பேரு இல்ல. அதுக்கு மேல பாத்தா, விழுந்த அந்த நிமிஷமே கால் அசையலன்னு கூட வந்தவர் சொன்னதா எழுதியிருக்கு. அப்படின்னா தூக்கி நிறுத்துனதுல ஒண்ணும் ஆகல. அந்த ஆளே கெடையாது. இல்லாத ஆளை நான் எங்க போயித் தேட?"

"அப்ப என்ன செய்ய?"

"தலை இல்லாமத்தான் போகணும்."

அப்படியே போனார்கள். வராந்தாவின் கடைசியில் இரண்டு கதவுகள் தெரிந்தன. ஒன்றில் 'இன்றே' என்று எழுதியிருந்தது. மற்றதில் 'பார்க்கலாம்'.

"நமக்கு எதும்மா?" என்று பரமகுரு கேட்டார்.

"பார்க்கலாம். முதல்ல கால் அசைஞ்சு, அப்புறம் நின்னுபோயிருந்தா 'இன்றே'. ஒரே ஓட்டமா ஓடியிருப்பாங்க. இது ஆரம்பத்துலயே போன காலுதான. 'இன்றே' கதவ பதினோரு மணிக்குப் பூட்டிருவாங்க."

"அந்தக் கதவுல போனா நடந்திருவானா?"

"அது யாருக்குத் தெரியும்? அதுக்கான காரணிங்க இன்னும் எத்தனையோ பேர் வரணும். ஆனா வாய்ப்புன்னு ஒண்ணு உண்டு. அது அந்தக் கதவுக்குள்ளதான் இருக்கு."

அந்த 'கூட வந்தவர்' வேறு யாருமில்லை, பரமகுருதான்.

நடந்தது இதுதான். தவசி மணல் குவியலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தான். மல்லாந்து கிடந்தான். "மச்சான், இடுப்பு விண்ணுவிண்ணுன்னு வலிக்கு, தொட்டுராதீக" என்றான். இரண்டு கால் பெருவிரலையும் ஆட்டிக் காட்டினான். பரமகுரு கண்ணால் பார்த்தார். பார்க்கவில்லை என்று சொல்ல வழியில்லை, குனிந்து நின்று பார்த்தார்.

ஆனால் கட்டட வேலையில் அவர்களுக்கு ஒரு பழக்கம். சாரத்திலிருந்து விழுந்தவனைத் தரையில் கிடக்க விடக் கூடாது. உடனே தூக்கி நிறுத்தி நாலு எட்டு நடக்க வைக்க வேண்டும். நடந்துவிட்டான் என்றால் அவன் விழவே இல்லை என்று அர்த்தம், வீட்டுக்கும் தோஷம் இல்லை. பரமகுருவே அதற்கு முன் மூன்று பேரை அப்படி நிறுத்தியிருக்கிறார். மூன்று பேரும் மறுநாள் வேலைக்கு வந்தார்கள். அன்றைக்குக் கனகசபை பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தை பொறந்தா பால் காய்ச்சணும் கொத்தனாரே. வாசல்ல ஆள் கெடந்தா நல்லாவா இருக்கு? எடு, எடு" என்றார். பரமகுரு அக்குளில் கை கொடுத்து எடுத்தார். சுவரை நிறுத்துகிற மாதிரி நேராக நிறுத்தினார். உள்ளே ஓடு நொறுங்குகிற மாதிரி லேசாக ஒரு சத்தம் கேட்டது. தவசி அரை எட்டு வைத்தான். அப்புறம் குனிந்து பார்த்து, "மச்சான், என் காலு எங்க?" என்று கேட்டான். கால் அங்கேதான் இருந்தது.

அதற்குப் பிறகு டாக்டர் கேட்டார், விழுந்தவுடனே கால் அசைந்ததா என்று. பக்கத்தில் செண்பகவல்லி நின்றாள். "இல்ல சார், அப்பவே போயிருச்சு" என்றார் பரமகுரு. அந்த ஒரு வார்த்தை நாலு நாளாக அவரைச் சோறு தின்ன விடவில்லை.

வராந்தா நீண்டுகொண்டே போனது. பத்து எட்டு வைத்தால் கதவு பதினைந்து எட்டு தள்ளிப் போனது. சுவரில் கனகசபையும் கூடவே வந்தார். மணி பத்தே முக்கால்.

"சிஸ்டர், ஒண்ணு சொல்லணும்" என்றார் பரமகுரு. "சாரத்துல ஒரு முடிச்சு சரியில்ல. நான் பாத்திருக்கணும்."

வராந்தா ஒரு முழம் குறைந்தது. பிறகு இரண்டு முழம் நீண்டது.

"அத எம்பேர்ல எழுதியாச்சு" என்றான் நெட்டையன். "நீங்க உங்களதச் சொல்லுங்க."

"பீடிய நிறுத்துலன்னு நான் அவனுக்குக் கண்டிப்பாச் சொல்லல."

"அது என்னோடது" என்றார் பீடி. "யார் சொத்த யாரு எடுக்கிறது?"

தவசி மோட்டைப் பார்த்தபடி, "மச்சான், இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டான். குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

கனகசபையின் பெரிய முள் பத்து ஐம்பத்தெட்டைத் தொட்டது. எடு, எடு, எடு.

"கீழ வைங்க" என்றார் பரமகுரு.

வைத்தார்கள். அவர் காலை விட்டுவிட்டுத் தலைப்பக்கம் நடந்தார். ஆறடிப் பலகைதான். அதைச் சுற்றி வர ஒரு தெருவைக் கடக்கிற நேரம் ஆனது. முழங்கால் போட்டு உட்கார்ந்து, தவசியின் தலையை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் பிடித்தார்.

"கால் அசைஞ்சுது சிஸ்டர். ரெண்டு விரலும் அசைஞ்சுது. தொடாதன்னு சொன்னான். நான்தான் தூக்கி நிறுத்துனேன். வீட்டுக்காரர் பாக்காரேன்னு நிறுத்துனேன். அப்புறம் டாக்டர்கிட்டப் பொய் சொன்னேன்."

சிஸ்டர் கேஸ் சீட்டில் ஒரு வரியை அடித்து, மேலே எழுதினாள். பேனா மை வர இரண்டு தடவை உதறினாள். புறங்கையில் 'தற்காலிகம்' அழிந்து வெறும் தோல் தெரிந்தது. இரண்டு கதவுகளும் பலகைக்கு முன்னால் வந்து நின்றன.

தவசி கண்ணை மேலே உருட்டித் தலைகீழாக அவர் முகத்தைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியும் மச்சான். நான்தான அங்க நின்னேன்."

"தெரியுமால? பின்ன ஏம்ல நீ வாயத் தொறக்கல?"

"டாக்டர் என்னைய எங்க கேட்டாரு? உங்களத்தான கேட்டாரு."

பரமகுருவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கக் கை இல்லை. இரண்டு கையிலும் தவசியின் தலை இருந்தது.

"கால் பக்கம் இப்ப ஆள் இல்லயே" என்றாள் சர்க்கரையம்மாள்.

"நான் இருக்கேன்."

செண்பகவல்லி பின்னாலேயே வந்திருந்தாள். எவ்வளவு தூரமாக வந்தாள் என்று தெரியவில்லை. கையில் ஒரு கார்டு இருந்தது. அதைச் சிஸ்டரிடம் நீட்டினாள்.

"காரணி எண் ஆறு" என்று சிஸ்டர் படித்தாள். "படுக்கைப்புண் வராம ரெண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைக்கிறவங்க. எத்தன மாசத்துக்குன்னு போடல. சரி, பிடிங்க."

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காலைப் பிடித்தாள். புருஷன் காலைப் பார்த்தாள். ரசமட்டத்தைப் பார்த்தாள். தலைப்பக்கம் பார்க்கவில்லை.

"தலை பிடிக்கிறவர்தான் எண்ணணும்" என்றாள் சிஸ்டர். "மூணு சொன்னதும் எல்லாரும் ஒண்ணாத் தூக்கணும்."

"ஒண்ணு" என்றார் பரமகுரு. "ரெண்டு." உள்ளங்கையை இறுக்கினார். "மூணு."

தூக்கினார்கள். குமிழி கொஞ்சம் ஆடி நடுவில் வந்து நின்றது. முப்பது வருஷத்தில் அவர் வைத்த எந்தக் கல்லும் அவ்வளவு மட்டமாக நின்றதில்லை. 'இன்றே' கதவு திறந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. கனகசபை ஓடாமல் நின்றுபோயிருந்தார்.

"இவன இறக்கி வச்சதும் நான் வெளிய போயிறலாமா சிஸ்டர்?" என்று பரமகுரு கேட்டார்.

"நீங்களா? தலை பிடிச்சவர் கைய எடுக்கக் கூடாது."

"எப்ப வரைக்கும்?"

"அவரு எந்திரிச்சு வந்து உங்க கைய எடுத்துவிடுற வரைக்கும்."

"எந்திரிக்கலன்னா?"

சிஸ்டர் கேஸ் சீட்டை மூடினாள். அதைச் சொல்கிற டேபிள் அவளுடையது இல்லை.

கால் பக்கத்திலிருந்து செண்பகவல்லி கேட்டாள்.

"மட்டமா இருக்கா?"

பரமகுரு குமிழியைப் பார்த்தார்.

"இருக்கும்மா."

"அப்ப ஆடாமப் பிடிங்க" என்றாள்.

பிறந்ததிலிருந்து அவள் அவரிடம் பேசிய எந்தப் பேச்சும் 'அண்ணே' இல்லாமல் முடிந்ததில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். அது வரவில்லை. கையை ஆட்டாமல் கதவுக்குள் நடந்தார்.