தடியன் நிற்காத தரை

என் அக்காவின் கணவருக்கு டைல்ஸ் வியாபாரம். வீட்டையே கடையின் கிளையாக்கி வைத்திருந்தார். வாசலிலிருந்து சமையலறை வரை வழவழவென்று வெள்ளை டைல்ஸ். ஒரு மிதியடிகூடக் கிடையாது. கடைக்கு வருகிறவர்களை வீட்டுக்குக் கூட்டிவந்து, "குனிஞ்சு பாருங்க, உங்க முகமே தெரியும்" என்பார். பார்க்கும்படியான முகங்களும் இல்லை. ஆனாலும் எல்லோரும் குனிந்தார்கள்.

அந்தத் தரையில்தான் தடியன் என்கிற லேப்ரடார் கிழடாகிக்கொண்டிருந்தது. பின்னங்கால்களில் மூட்டுவாதம். எழப் பார்க்கும். கால்கள் ஆளுக்கொரு திசையில் இழுத்துக்கொண்டு போகும், பொத்தென்று விழும். கடைசியில் எழப் பார்ப்பதையே விட்டுவிட்டது. அக்காதான் அதன் வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி வெளியே கொண்டுபோவாள். குளிருமே என்று ஒருமுறை பழைய போர்வையை விரித்தாள். "இது என்ன, ரயில்வே பிளாட்பாரமா?" என்று அத்தான் சுருட்டிப் பரணில் போட்டார்.

வைத்தியத்தில் அவர் குறை வைக்கவில்லை. அதாவது, நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள வசதியான வைத்தியத்தில். காந்தம் வைத்த கழுத்துப்பட்டை வந்தது. இடுப்புக்குச் சூடு கொடுக்கும் பெல்ட் வந்தது. தான் பூசும் வலித் தைலத்தை அதற்கும் பூசினார். அது நக்கிவிட்டு வாந்தி எடுத்தது. தரையில் கறை படிந்ததே என்று அவருக்கு வயிற்றெரிச்சல். கால்நடை மருத்துவரிடம் மட்டும் போகவில்லை. இவருக்குத் தெரியாததை அவர்கள் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்!

போன வாரம் திடீரென்று மனம் இளகினார். "இது படுற பாட்டைப் பாக்க முடியல. ஊசி போட்டு அனுப்பிடலாம்" என்றார். இளகிய மனம் என்று நம்பிவிடாதீர்கள். மறுநாள் பெரிய கான்ட்ராக்டர் ஒருவர் தரை பார்க்க வருவதாக இருந்தது. அக்கா அழுதாள். நிற்கவே முடியாத பிராணியை வைத்துக்கொண்டு அவளால் என்ன வாதாட முடியும்? தூக்குவதற்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அதை மேசையில் ஏற்ற விடவில்லை. "கீழயே விடுங்க" என்றார். கீழே கறுப்பு ரப்பர் விரிப்பு. தடியன் அதை மோந்து பார்த்தது. முன்னங்கால்களை ஊன்றியது. பின்னங்கால்கள் நடுங்கின, ஆனால் வழுக்கவில்லை. எழுந்து நின்றது. நின்றதோடு இல்லாமல், நொண்டிக்கொண்டே மூலையிலிருந்த குப்பைக்கூடைவரை போய் வாலை ஆட்டியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டரம்மா அதன் இடுப்பை அழுத்திப் பார்த்தார். "வீட்ல என்ன தரை?"

அத்தானின் முகம் மலர்ந்துவிட்டது. மலர்ந்தது ஐயா! சாகடிக்கக் கொண்டுவந்த இடத்தில் போனை எடுத்துப் படம் காட்டினார். "நம்ம கடை சரக்குதான் டாக்டர். குனிஞ்சா முகம் தெரியும்."

"இதுல என்னாலயே நிக்க முடியாது," என்றார் டாக்டரம்மா. "வலி இருக்கு, இல்லேன்னு சொல்லல. அதுக்கு மாத்திரை தர்றேன். உங்க தைலத்தையெல்லாம் தூரப் போடுங்க. உடம்பு கொஞ்சம் எளைக்கணும். அது நடக்கிற இடத்துலயெல்லாம் வழுக்காத விரிப்பு போடுங்க. இன்னும் கொஞ்ச காலம் நல்லாவே இருக்கும். ஊசி எதுக்கு? கூட்டிட்டுப் போங்க."

"எல்லா இடத்துலயுமா?"

"நடக்கிற இடமெல்லாம்."

"அப்ப தரையே தெரியாதே, டாக்டர்."

அத்தான் நாற்காலியை விட்டு எழவில்லை. போனைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், தாடையைச் சொறிந்தார். கடையில் பேரம் படியாதபோது வைத்துக்கொள்ளும் அதே முகம். அதை நானும் பார்த்தேன், அக்காவும் பார்த்தாள்.

"என்னங்க யோசிக்கிறீங்க?" என்றாள்.

"இல்ல… எப்படியும் வயசாயிடுச்சு…"

அக்கா குனிந்து நாயின் கயிற்றை எடுத்துக்கொண்டாள். அவள் குரல் உயரவே இல்லை.

"எனக்கும் முட்டி வலி ஆரம்பிச்சிருச்சுங்க. என்னை எங்க கூட்டிட்டுப் போறதா இருக்கீங்க?"

அத்தானுக்கு அதற்கும் யோசிக்க வேண்டியிருந்தது.