இருபத்திரண்டு தோட்டாக்கள்

ஐந்து வருடமாக அந்தப் பெட்டி ரெய்னோ காங்கஸின் வண்டிக் கொட்டகையில், பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் இருந்தது. உள்ளே இருபத்திரண்டு தோட்டாக்கள். இருபத்தைந்தில் மூன்றை அவருடைய தம்பி அர்வோ சுட்டுவிட்டார். அந்த மூன்றாவதுதான் அர்வோவின் இடது கையிலிருந்து மூன்று விரல்களைக் கொண்டுபோனது.

துப்பாக்கி அவர்கள் அப்பாவுடையது. பின்லாந்திலிருந்து கடல் கடந்து இந்த ஏரிக்கரைக்குச் செம்புச் சுரங்க வேலைக்கு வந்தவர், முதல் வருடக் கூலியில் வாங்கிய பழைய இரட்டைக்குழல். இரும்புக் கீற்றுகளை முறுக்கி அடித்துச் செய்த குழல்கள். மேலே தண்ணீரில் எண்ணெய் படர்ந்த மாதிரி வரி ஓடும். கரிமருந்துக் காலத்து இரும்பு, கடையில் விற்கிற இன்றைய தோட்டாவைத் தாங்காது. அதனால் அழுத்தம் ஏறாத புகையில்லா மருந்தாகப் பார்த்து, குறைந்த ஈய ரவை போட்டு, ரெய்னோ வீட்டிலேயே தோட்டா கட்டுவார். அந்த ஏரிக்கரைப் பக்கம் பழைய துப்பாக்கி வைத்திருந்தவர்களெல்லாம் அவர் கையைத்தான் நம்பினார்கள்.

விபத்து நடந்தது அக்டோபரில், நெட்டிலிங்கம் போல ஒல்லியாய் வளர்ந்த மரங்களுக்கு நடுவே. காட்டுக்கோழியைத் துரத்திப்போன அர்வோ ஓடைக்கரையில் வழுக்கி விழுந்தார். எழுந்து நாலு எட்டு நடப்பதற்குள் கோழி பறந்தது, சுட்டார். குழல் பிளந்தது. விழுந்தபோது குழலின் வாயில் சேறு அடைத்திருக்கும், அதைப் பார்க்காமல் சுட்டுவிட்டேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அவர் சொன்னார். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ரெய்னோவும் தலையை ஆட்டினார்.

ஆனால் அவர் குழலைப் பார்த்திருந்தார். சேறு அடைத்தால் வாய்ப்பக்கம்தான் கிழியும். இது அடியில், தோட்டா உட்காரும் இடத்தை ஒட்டிக் கிழிந்திருந்தது.

அந்தப் பெட்டித் தோட்டாக்களைக் கட்டிய மத்தியானமும் அவருக்கு மறக்கவில்லை. ஒரு கையில் மருந்து போட்ட தோட்டா, மறு கையில் போடவேண்டிய தோட்டா. அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து மனைவி ஹெல்மி கூப்பிட்டாள். சமையலறையில் விழுந்து கிடந்தாள். இரண்டையும் அப்படியே மேசையில் வைத்துவிட்டு ஓடினார். மறுநாள் வந்து மிச்சத்தை முடித்தபோது, எது எந்தப் பக்கம் இருந்தது என்று அவர் யோசிக்கவில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே ஹெல்மி போய்ச் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு கொட்டகைக்குள் நுழைந்தால் போதும், பட்டப்பகலில் அவள் குரல் கேட்டது. "ரெய்னோ." அதே தொனி, வலியை மறைத்துக்கொண்டு, வேலையைக் கெடுக்கிறோமே என்ற தயக்கத்தோடு. ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்ச் சமையலறையைப் பார்த்துவிட்டு வருவார். தோட்டா கட்டும் எந்திரத்தைக் கழற்றிப் பரணில் போட்டார். குரல் நிற்கவில்லை. மிச்சத் தோட்டாக்களைப் பிரித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும், அதனாலேயே பிரிக்கவில்லை. சனிக்கிழமைதோறும் தம்பியோடு சவுனா என்ற ஆவிக்குளியல் அறையில் உட்காருவார். விரல் போன அந்தக் கை, வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு சூடேறிய கல்லில் ஊற்றும். இவர் கண்ணை மூடிக்கொள்வார்.

ஐந்தாம் வருடம், வேட்டைக்காலம் தொடங்குவதற்கு முந்தின நாள், அர்வோ ஒரு துப்பாக்கியோடு கொட்டகைக்குள் வந்தார். ஏலத்தில் எடுத்த பழைய இரட்டைக்குழல். மிச்ச விரல்களால் பிடிக்க வசதியாகத் தோல்வார் ஒன்று தைத்திருந்தார். அண்ணன் மருந்து குறைத்துப் பத்துத் தோட்டா கட்டித் தரவேண்டும் என்றார். எந்திரம் பரணில் கிடக்கிறது, கண்ணும் சரியில்லை என்று ரெய்னோ இழுத்தார். அதற்குள் அர்வோவின் கை டப்பாக்களுக்குப் பின்னால் போய்விட்டது.

"இது இன்னும் இங்கதான் இருக்கா? இதே அளவுதானே. இது போதும்."

"அத வெச்சிடு. பழசாயிடுச்சு."

"நாம ரெண்டு பேரும்தான் பழசாயிட்டோம். உன் தோட்டாவுல என்ன குறை? குழலைச் சேத்துல குத்தினவன் நான்."

சொல்லிச் சிரித்துவிட்டுப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். வண்டி தெருமுனை திரும்பும் சத்தம் வரைக்கும் ரெய்னோ நின்ற இடத்திலேயே நின்றார். அப்போது ஹெல்மி கூப்பிட்டாள். இந்தத் தடவை அவர் சமையலறைக்குப் போகவில்லை. வண்டிச் சாவியை எடுத்தார்.

போய்ச் சேர்ந்தபோது அர்வோ கொல்லையில், வேலிக்கட்டையில் ஒரு டப்பாவை நிறுத்திவிட்டு, இரண்டு குழலிலும் தோட்டா போட்டுத் துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்கிக்கொண்டிருந்தார். ரெய்னோ பின்னாலிருந்து வந்து குழலைப் பிடித்துத் தாழ்த்தினார். இரண்டு தோட்டாவையும் உருவிப் பெட்டியில் போட்டார்.

"சுடாதே. உள்ள வா, பேசணும்."

அர்வோவின் மனைவி ஐலி அடுப்பிலிருந்து ஏலக்காய் ரொட்டியை எடுத்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசையில் இடம் ஒதுக்கச் சொல்லிவிட்டு, ரெய்னோ பையிலிருந்து சின்னத் தராசையும் கத்தியையும் எடுத்தார். ஒவ்வொரு தோட்டாவாக அறுத்து, ரவையையும் தக்கையையும் ஒதுக்கி, மருந்தை மட்டும் தட்டில் கொட்டி நிறுத்தார். முதலாவது சரியாக இருந்தது. இரண்டாவதும். பத்து தாண்டியதும் அவருக்கே ஒரு நப்பாசை தட்டியது. எல்லாம் மனப்பிரமையோ, சேறுதானோ என்று. ஐலி காப்பியை ஊற்றி வைத்தாள். யாரும் தொடவில்லை.

பதினேழாவதைக் கவிழ்த்தார். தட்டில் ஒன்றும் விழவில்லை. தட்டிப் பார்த்தார். ஒரு பொட்டு மருந்து இல்லை. மிச்ச ஐந்தையும் அறுத்து நிறுத்தார்; எல்லாம் சரியான எடை.

"இதுல போடாத மருந்து வேற ஒண்ணுக்குப் போயிருக்கு. அதுல ரெண்டு பங்கு. அதுதான் உன் கையில வெடிச்சது. சேறு இல்லடா. நான்."

அர்வோ வெற்றுத் தோட்டாவை எடுத்து உள்ளே பார்த்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"இப்பத்தான் நிச்சயமாச்சு. சந்தேகம் குழலைப் பார்த்த அன்னிக்கே."

வேட்டைக்கு வருபவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவர் அர்வோ. பதினெட்டு வருடம். குழலைச் சோதிக்காமல் சுட்ட ஆள் மற்றவர்களுக்குச் சொல்லித் தர லாயக்கில்லை என்று கைக்கட்டைப் பிரித்த வாரமே எழுதிக் கொடுத்துவிட்டு விலகியிருந்தார். ஐலியும் கோபம் வந்தால் அதையே சொல்லிக் குத்துவாள். இப்போது அவள் மேசைத்துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள்.

"விரல் போனதுக்கு உன்ன ஒண்ணும் சொல்லமாட்டேன்," என்றார் அர்வோ. "ஹெல்மி கூப்பிட்டா நானும் ஓடியிருப்பேன். ஆனா அஞ்சு வருஷம் என்னை நானே நம்பல. அத நீ பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்த. எந்திரிச்சுப் போ, ரெய்னோ."

குளிர்காலம் முழுக்க ஒரு வார்த்தை இல்லை. சனிக்கிழமைகளில் ரெய்னோ தனியாகவே சவுனாவைச் சூடாக்கினார். சில வாரம் அதுவும் இல்லை. ஹெல்மியின் குரல் மட்டும் முன்னைவிட அடிக்கடி வந்தது; பனி வாரும்போதுகூட.

ஏப்ரலில் அர்வோ போன் செய்தார். மறுபடி வகுப்பு எடுக்கப்போவதாகவும், முதல் நாளே அண்ணன் வந்து நடந்ததைச் சொல்லவேண்டும் என்றும் சொன்னார். கேட்கும் தொனி இல்லை அதில். ரெய்னோ போனார். பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் முப்பது நாற்பது பேர். அவர்களில் பாதிப்பேர் அவரிடம் தோட்டா வாங்கியவர்கள். எதையும் குறைக்காமல் சொன்னார். கையிலிருந்ததை வைத்துவிட்டு ஓடினதை, குழலைப் பார்த்ததை, வாயை மூடிக்கொண்டதை. பின்வரிசையில் ஒரு பெண், வேலைக்கு நடுவே யாராவது கூப்பிட்டால் என்னதான் செய்வது என்று கேட்டாள்.

அர்வோதான் எழுந்தார். "போகணும். திரும்பி வந்ததும் மேசைமேல இருக்கிற அத்தனையையும் கொட்டிட்டு, முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

வகுப்பு முடிந்து அர்வோ அவரை வண்டியில் கொண்டுவந்து விட்டார். வாசலில் இறங்கிய ரெய்னோ, சனிக்கிழமை சவுனா போடட்டுமா என்று கேட்டார்.

"தெரியல," என்றார் அர்வோ. வண்டி கொஞ்ச நேரம் அங்கேயே உறுமிக்கொண்டு நின்றது. பிறகு கிளம்பிப் போனது.