கைப்பையில் இருந்த காகிதம்

...இந்தப் பிரிவை அடித்துவிட்டு என்னத்தை எழுதுவது, அரசியல் சட்டத்தையே போன மாதம் தூக்கிக் கடாசிவிட்டார்களே, ஊர்மிளா மனுவில் ‘சம உரிமை’ என்ற வரியின் மேல் பென்சிலால் கோடு போட்டாள், பிறகு அழித்தாள், இந்தத் தீவின் லவுத்தோக்கா நகரில் வக்கீல் குமாஸ்தாவாக இருபத்திரண்டு வருஷம், அதற்குள் நாலு ஆட்சிக் கவிழ்ப்பு, நல்ல கூத்து, ஒவ்வொரு தடவையும் மனுக்களைத் திருத்தித் திருத்தி விரல் தேய்ந்ததுதான் மிச்சம், இனி ஐ.நா. உடன்படிக்கையைத்தான் பிடித்துத் தொங்க வேண்டும், பருவநிலை மாற்றத்தின் சுமை எல்லோர் தலையிலும் ஒரே மாதிரி விழுவதில்லை, தாழ்ந்த நிலத்தில் ஒண்டிக் கிடப்பவர்களைத்தான் முதலில் அடிக்கிறது, ஆகவே... ஆகவே என்ன? எதிரே நாகையா மாமா மேசை விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஜனவரி வெள்ளத்தில் ரராவாய் ஆற்றோரம் இருந்த அவர் வீடு போய்விட்டது, மேட்டில் மாற்று மனை தருகிறார்களாம், ஆனால் அனுமதியோடு குடியிருந்ததற்கு அத்தாட்சி வேண்டுமாம், இல்லாவிட்டால் பழையபடி ஆற்றோரம்தான். அவரிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. வெள்ளம் சீட்டு கேட்கவில்லை, வந்தது, வாரிக்கொண்டு போய்விட்டது.

“நகோனா வேரு வச்சுத்தானே குடி போனோம் புள்ளே, ஒங்கப்பா இருந்தாரு, நீ இருந்தே, வேற என்னா அத்தாட்சி?” என்றார். இருந்தாள்தான். இரண்டாயிரத்தில், அந்தக் கவிழ்ப்பு வருஷத்தில், மாமாவின் கரும்பு நிலத்துக்கு லீஸ் முடிந்து, புதுப்பிக்க மாட்டோம் என்றதும், அப்பாவையும் அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனவளே அவள்தான், வழக்கப்படி காணிக்கையாகப் பாயில் நகோனா வேர்க்கட்டை வைத்தார்கள், நிலத்துக்குச் சொந்தமான பூர்வகுடிக் குலத்தின் பெரியவர் அதைத் தொட்டு ஏற்றுக்கொண்டு, வாக்கு உறுதி என்பதற்கு அடையாளமாக மூன்று தடவை கை தட்டினார், ஆற்றோரம் வீடு கட்டிக்கொள், நீ இருக்கும்வரை உன்னுடையது என்றார், கதவோரம் உட்கார்ந்திருந்த ஊர்மிளாவின் மடியில் கைப்பை, அதற்குள் குடியிருக்க அனுமதி தந்தோம் என்று அவளே டைப் அடித்த இரண்டு வரிக் காகிதம், ஒரு கையெழுத்து போதும்... எடுக்கவில்லையே. வேரை ஏற்றுக்கொண்டவரிடம் போய்க் காகிதத்தை நீட்டினால் உங்கள் வாய்ச்சொல்லை நம்பவில்லை என்றாகிவிடும், எவ்வளவு அசிங்கம், அந்த வேரை இடித்துக் கரைத்த நகோனா சிரட்டையில் அவள் முறைக்கு வந்தது, குடித்தாள், நாக்கு மரத்துப்போனது. குமாஸ்தாவாம் குமாஸ்தா! அந்தப் பெரியவர் போய்விட்டார், அப்பாவும் போய்விட்டார், பெரியவரின் மகனோ எனக்கு ஒன்றும் தெரியாது என்கிறான், காகிதம் இருந்த கதை மாமாவுக்கு இன்றுவரை தெரியாது.

விசாரணை இருபத்தாறாம் தேதி. ‘சாட்சி நேரில் ஆஜராக வேண்டும், எழுத்து வாக்குமூலம் ஏற்கப்படாது’ என்று படிவத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, சாட்சி என்ற இடத்தில் அவள் பெயரை அவளே எழுதியிருந்தாள். அதற்கு முந்தின சனிக்கிழமை விமானம். பிரிஸ்பேனில் மகள் ஷானல் அறையை ஒழித்து வைத்துவிட்டாள், இருபத்தைந்தாம் தேதிக்குள் அங்கே இறங்காவிட்டால் விசா காலாவதி, நாலு வருஷம் காத்திருந்தது இதற்குத்தானே, எல்லோரும் போகிறார்கள், இங்கே ட்ராசா பக்கம் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது, நான் போனால் மட்டும் என்ன குடியா முழுகிவிடும்... முழுகும், ஒரு குடி. சொல்லிவிடலாம், இதோ, இப்போதே. “மாமா, இருபத்தாறாந்தேதி...” என்று தொடங்கினாள். “காலைல மொத பஸ்ஸுக்கே வந்துர்றேன், நீ வந்துருவேல்ல?” என்றார் அவர். “வேணும்னா எழுதித் தரட்டுமா மாமா?” இதை எதற்குக் கேட்டோம் என்று அவளுக்கே விளங்கவில்லை, எழுதித் தரச் சொல்லியிருந்தால் என்ன எழுதியிருப்பாள்? “போ புள்ளே, ஒன்கிட்டப் போயி எழுத்து கேப்பேனா? வாயால சொல்லு, போதும்.” அவள் மடியில் கைப்பை இருந்தது, உள்ளே டிக்கெட், ஜிப் பாதி திறந்திருந்தது. “வரேன் மாமா” என்றாள். அவர் சிரித்துக்கொண்டே மூன்று தடவை கை தட்டினார், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்தார். ஊர்மிளா ஜிப்பை இழுத்து மூடினாள், அன்றைக்கும் இப்படித்தான் மூடினோமோ என்று யோசித்தாள்.