மூன்றாவது கருவி

ஐரோலியில் உள்ள அலுவலகத்தில் கீதாவுக்குப் பத்து நாள் கொடுத்திருந்தார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் எழுதும் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்கு அவள்தான் தலைவி. எழுதும் நிரலில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறதா என்று தானாகவே சோதித்துச் சொல்லும் கருவி ஒன்றை அவள் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று கருவிகளை டிரையலுக்கு வாங்கி, குழு இதுவரை எழுதிய நிரல் முழுவதையும் ஒவ்வொன்றிலும் ஓடவிட்டுப் பார்த்தாள்.

முதலாவது எதற்கெடுத்தாலும் எச்சரித்தது. ஒரே நாளில் நாலாயிரம் எச்சரிக்கை. மறுநாளே குழுவில் எல்லோரும் அதைப் படிக்காமல் மூட ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டாவது வேகமாக ஓடியது, ஆனால் புதிதாக எழுதுவதை மட்டும்தான் பார்க்கும். மூன்றாவது மெதுவாக ஓடியது. நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் முதல் நாள் வரை பின்னோக்கிப் போய்த் தோண்டியது. எங்காவது பாஸ்வேர்ட் எழுதப்பட்டிருந்தால், அதை யார், எந்தத் தேதியில் எழுதினார்கள் என்றும் காட்டியது.

புதன்கிழமை மதியம் அந்தப் பட்டியல் வந்தது. பதினேழாவது வரியில் நோயாளிகளின் விவரங்களைத் திறக்கும் பாஸ்வேர்ட் இருந்தது. எழுதியவர் என்ற இடத்தில் அவளுடைய பெயர்.

அந்தப் பாஸ்வேர்டை அவளால் மறக்க முடியாது. இரண்டு வருடத்துக்கு முன் நிரலின் நகல் ஒன்று எப்படியோ வெளியே போய், அதிலிருந்த பாஸ்வேர்டை வைத்து யாரோ ஆயிரக்கணக்கான நோயாளிகளின் விவரங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த வரிக்கு நேராக சுடலைக்கண்ணன் என்று இருந்ததால் அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். தாராவியில் கீதாவின் வீட்டுக்கு மூன்று சந்து தள்ளி வளர்ந்தவன். வேலைக்குச் சிபாரிசு செய்ததே அவள்தான்.

"நான் அதை எழுதலக்கா" என்று அப்போது அவன் சொன்னான்.

"உன் பேருதான கிடக்கு" என்றாள் கீதா.

இப்போது தேதி தேதியாகப் பார்த்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, வாடிக்கையாளருக்கு டெமோ காட்ட வேண்டிய அவசரத்தில் அவள்தான் பாஸ்வேர்டை நிரலுக்குள்ளேயே எழுதியிருக்கிறாள். திங்கள்கிழமை எடுத்துவிடலாம் என்று நினைத்திருப்பாள். ஏழு மாதம் கழித்து சுடலைக்கண்ணன் அந்தப் பகுதியை வெட்டி வேறொரு கோப்பில் ஒட்டியிருக்கிறான். அவன் செய்தது அவ்வளவுதான்.

இரண்டாவது கருவியைத் தேர்ந்தெடுத்தால் போதும், இந்தப் பட்டியல் டிரையலோடு அழிந்துவிடும். வேகமானது என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. வியாழக்கிழமை முழுக்க அவள் அதைத்தான் யோசித்தாள்.

வெள்ளிக்கிழமை மேலாளர் ஸ்மிதாவின் அறைக்குப் போய்ப் பதினேழாவது வரியைக் காட்டினாள். ஸ்மிதா நிதானமாகப் படித்துவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். கருவி நல்ல கருவி, இதையே வாங்கிவிடலாம் என்று இந்தியில் சொன்னாள். அது காட்டிய பழைய ஓட்டைகளை எல்லாம் 'ஏற்கப்பட்டது' என்று குறித்து மறைத்துவிட்டு, இனி வருவதைப் பார்த்துக்கொள்ளலாம்; எல்லாக் கம்பெனியிலும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றாள்.

"சுடலைக்கண்ணன்?" என்றாள் கீதா.

"அவன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது இதை எடுத்தால் கம்பெனி தப்பான ஆளை அனுப்பியது என்று ஆகும். உன் வேலையும் போகும். யாருக்கு இதனால் நல்லது?"

கீதா இடத்துக்குத் திரும்பி வந்து, நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நிர்வாகத்துக்குக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அதன் நகலை எடுத்துக்கொண்டு குர்லாவுக்குப் போனாள். ஸ்டேஷனுக்கு வெளியே இருந்த மொபைல் ரிப்பேர் கடை ஒன்றில் சுடலைக்கண்ணன் ஒரு ஃபோனின் உடைந்த கண்ணாடியைச் சூடுகாட்டிப் பிரித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் ஸ்டூலை நகர்த்திப் போட்டான்.

"வாங்கக்கா. ஸ்கிரீன் போயிட்டா?"

அவள் சொன்னாள். கோர்வையாகச் சொல்ல வரவில்லை, டெமோவைப் பற்றியே இரண்டு தடவை சொன்னாள். அவன் கையிலிருந்த ஃபோனைக் கீழே வைத்தான்.

"நீங்களாக்கா?"

"நான்தான் கண்ணா. தெரிஞ்சு செய்யல. ஆனா அன்னைக்கே நான் பழசைத் தேடிப் பார்த்திருக்கணும். பார்க்கல."

அவன் தாளை வாங்கிப் படித்தான். நடுவில் ஒரு பெண் வந்து சார்ஜர் கேட்டாள், எடுத்துக் கொடுத்தான். மறுபடியும் முதலிலிருந்து படித்தான்.

"மொதல்ல நான் இல்லன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றான். "எல்லாரும் உன் பேருதான இருக்குன்னாவ. போகப்போக எனக்கே சந்தேகம் வந்துட்டு. நாமதான் எழுதிட்டு மறந்துட்டோமோன்னு. அப்பா ஆஸ்பத்திரியில கெடக்கும்போது கேட்டாவ, நீதான் செஞ்சியாலன்னு. ஆமாப்பான்னுட்டேன். மறுவாரம் போயிட்டாவ."

அவன் தாளை மேசையில் வைத்தான்.

"அதுக்கப்புறம் கோடிங்னு உக்காந்தா கை ஓடாது. ஒரு வரியைப் பத்து தடவை பாப்பேன். ரெண்டு இன்டர்வியூல பாதியில எந்திச்சு வந்துட்டேன்."

"இந்தப் பேப்பரைக் காட்டு. எங்க வேணும்னாலும் நானே வந்து சொல்லுதேன்."

"யார்ட்டக்கா காட்ட?"

அவன் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"நீங்க கெளம்புங்கக்கா. கஸ்டமர் நிக்காவ."

கம்பெனி மூன்றாவது கருவியையே வாங்கியது. பழையவை எல்லாம் மறைக்கப்பட்டன. கீதா எழுதிக் கொடுத்ததற்குப் பதில் வரவில்லை. சுடலைக்கண்ணனின் பணிப் பதிவிலும் யாரும் எதையும் மாற்றவில்லை. மாதக் கடைசியில் அவளிடம் ராஜினாமா கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அன்று மாலை பிளாட்ஃபாரத்தில் நின்றபடி சுடலைக்கண்ணனுக்கு ஃபோன் செய்து வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னாள்.

"சாப்ட்டியளாக்கா?" என்றான்.

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள். அவன் சரி என்று வைத்துவிட்டான்.