முகத்துக்குள் இருந்த அறைகள்

காப்பிக்கொட்டை கருகிக்கொண்டிருந்தது. அது செனெபெச்சுக்கு மட்டும் தெரியவில்லை.

"அண்ணி! சட்டி புகையுது, இறக்குங்க!" என்று வாசலிலிருந்து கத்தினாள் நாத்தனார் ஷிதாயே.

எத்தியோப்பியாவின் ஜிம்மா நகரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் செனெபெச்சின் காப்பிக்கடை. அந்த ஊர் வழக்கப்படி தரையில் பச்சைப்புல் பரப்பி, சாம்பிராணி போட்டு, வந்தவர்கள் கண்ணெதிரே கொட்டையை வறுத்து, சட்டியை ஒவ்வொருவர் மூக்கருகிலும் காட்டிவிட்டுத்தான் இடிக்க வேண்டும். இப்போதெல்லாம் அவள் சட்டியை நீட்டினாலே ஆட்கள் முகத்தைத் திருப்புகிறார்கள். ஆட்டோ ஓட்டும் தெஜெனே எதிர்க்கடைக்கே போய்விட்டான்.

"சாம்பிராணியையாவது குறை அக்கா. காப்பி குடிக்க வந்தா பூசைக்கு வந்த மாதிரி இருக்கு" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனான்.

இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

மறுநாள் மூக்கு டாக்டரிடம் போனபோது ஷிதாயேயும் ஒட்டிக்கொண்டாள்.

"எப்படிம்மா இருக்கீங்க?" என்றார் டாக்டர் ஹிருத்.

"நல்லா இருக்கேன், கடவுளுக்கு நன்றி."

"மூக்கடைப்பு?"

"கடவுளுக்கு நன்றி."

"வாசனை?"

"எல்லாம் அவர் கருணை."

எப்போது வந்தாலும் இதே பதில்தான். நோய் அடங்கியிருக்கிறது என்று டாக்டரும் பழைய மருந்தையே எழுதி அனுப்பிவிடுவார். நலம் விசாரிப்பவரிடம் குறை சொல்வது எந்த ஊர் மரியாதை? வீடே பற்றி எரிந்தாலும் அங்கே முதலில் நன்றிதான்.

ஷிதாயேக்குப் பொறுக்கவில்லை. "பொய் டாக்டர்! நேத்துகூட கொட்டையைக் கரியாக்கினாங்க. ராத்திரி இவங்க விடுற குறட்டையில பக்கத்து வீட்டு நாயே வேற தெருவுக்குப் போயிடுச்சு."

"வாயை மூடுடி!"

டாக்டர் சிரிக்கவில்லை. "தப்பு என்னோடது. நோயைக் கேக்கறதா நினைச்சு நலம் விசாரிச்சிருக்கேன். இப்ப சொல்லுங்க, தினமும் சட்டியை எப்ப இறக்கணும்னு எப்படித் தெரியுது?"

செனெபெச் தலையைக் குனிந்துகொண்டாள். "நிறத்தைப் பார்த்துதான். வாசனை போயி ரெண்டு மழைக்காலம் ஆச்சு டாக்டர்."

அப்புறம் எல்லாம் கொட்டியது: தொண்டைக்குள் இறங்கும் சளி, நெற்றிப் பாரம், கெட்டுப்போன தூக்கம். டாக்டர் மெல்லிய குழாய்க் கேமராவை மூக்கில் விட்டார். உரித்த திராட்சைபோல் பளபளக்கும் சதைக்கொத்து திரையில் தெரிந்தது. பிறகு ஸ்கேன் எடுக்க வைத்து, அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது உங்க முகம். கன்னத்துல, நெத்தியில, ரெண்டு கண்ணுக்கும் நடுவுல எல்லாம் காத்து நிக்கிற அறைகள். கறுப்பா இருந்தா காலி. உங்களுக்குச் சாம்பல் நிறமா அடைச்சுக் கிடக்கு."

செனெபெச் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். இத்தனை வருஷமாக முகத்துக்குப் பின்னால் ஒரு வீட்டையே சுமந்திருக்கிறாளா! "வாசனை திரும்புமா?" என்றாள்.

"சத்தியம் பண்ண மாட்டேன். மாத்திரை கொஞ்ச நாளைக்குத்தான். உப்புத்தண்ணியில மூக்கைக் கழுவறதும் மூக்குல அடிக்கிற மருந்தும் தினமும். மசியலைன்னா ஆபரேஷன். இது ஒழிஞ்சு போற வியாதி இல்லம்மா, கட்டுக்குள்ள வைக்கிற வியாதி. அடுத்த தடவை எனக்கு நன்றி வேண்டாம், உண்மை போதும்."

அடுத்த வாரம் ஒரு காலையில் மூக்கைக் கழுவிவிட்டுப் புல்லை உதறினாள். ஏதோ ஒன்று உள்ளே நுழைந்தது. ஈரமாக, பச்சையாக. புல்லா? புல்லுக்கு வாசனை உண்டென்பதே மறந்து போயிருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எழுந்து கொட்டையைச் சட்டியில் போட்டாள். கண்களை மூடிக்கொண்டாள். முதலில் வைக்கோல் மாதிரி, பிறகு ரொட்டி மாதிரி, பிறகு காப்பியேதான். கருகலுக்கு ஒரு மூச்சு முன்னால் சட்டியை இறக்கினாள்.

வாசலில் ஆட்டோ நின்றது. "என்ன அக்கா, வாசனை தெருவரைக்கும் இழுக்குது?" தெஜெனே உள்ளே வந்து மூக்கை நீட்டினான்.

"தள்ளிப் போடா, முதல்ல எனக்கு!" சட்டியைத் தன் முகத்தருகே வைத்து நெஞ்சு நிறைய இழுத்தாள்.

அதற்கப்புறம்தான் அவனிடம் நீட்டினாள். நெருப்பில் போட எடுத்து வைத்திருந்த சாம்பிராணி மறுபடி டப்பாவுக்குள் போனது.