நாற்காலி ஒன்று தேவை

எங்கள் ஊர்ப் பத்திரிகையில் வரி விளம்பரங்களை வாங்கிப் போடுவது என் வேலை. வாங்கிப் போடுவது என்றால் வேண்டாத சொற்களை வெட்டிப் போடுவது. ‘நல்ல நிலையில் உள்ள அழகிய சைக்கிள் விற்பனைக்கு’ என்று எழுதிக்கொண்டு வருவார்கள். ஓட்டை சைக்கிள் விற்பனைக்கு என்று எவராவது எழுதுவார்களா? ‘சைக்கிள் விற்பனைக்கு’ போதும். முறைப்பார்கள். முறைத்துவிட்டுப் போகட்டும், சைக்கிள் மறுநாளே விற்றுப்போகும். வேலை தேடுகிறவர்கள் ‘எந்த வேலையும் செய்வேன்’ என்று எழுதி வந்தால்தான் எனக்குக் கோபம் வரும். “உங்களுக்கு எது நல்லா வரும்? அத எழுதுங்க” என்று தாளைத் திருப்பித் தள்ளுவேன்.

அடுத்த மாதம் எனக்கு ஓய்வு. இன்று காலை முதலாளியே கவுன்ட்டருக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். ‘விளம்பரப் பிரிவுக்கு அனுபவமும் பொறுமையும் மிக்க இரண்டு பேர் உடனடியாகத் தேவை.’

கை சும்மா இருக்குமா? அனுபவம், பொறுமை, உடனடி எல்லாவற்றையும் அடித்தேன். ‘இரண்டு பேர்’ என்ற இடத்தில் பேனா நின்றது.

“ரெண்டு பேர் எதுக்கு சார்? இங்க இருக்கறதே ஒரு நாற்காலிதானே?”

“நீங்க பாத்த வேலைய ஒரு ஆள் பாத்துட முடியுமாக்கா? இன்னொரு நாற்காலி வாங்கிக்கலாம். பழசா இருந்தாலும் பரவாயில்ல.”

‘இரண்டு பேர்’ என்பதை அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு தாளை எடுத்து ‘நாற்காலி ஒன்று தேவை’ என்று எழுதினேன்.

‘புதியது’ என்று நானாகவே ஒரு சொல்லைச் சேர்த்தேன்.