கால்குலேட்டருக்குள் கடைசி அறை

படுக்கை விரிப்பை உருவிக்கொண்டே நர்ஸ் சொன்னாள்: “தம்பி, டிராயர்ல ஏதாவது இருக்கான்னு பாத்துடுங்க. அடுத்த பேஷன்ட் கீழ காத்துட்டிருக்காங்க.”

அவன் பார்த்தான். சீப்பு, சார்ஜர், ஒற்றைக் காலுறை, அக்காவின் கால்குலேட்டர். பள்ளியில் படிக்கும்போது வாங்கியது. கோட்டுப்படமெல்லாம் வரையும் பெரிய ரகம், செங்கல் கனம். மற்றவற்றைப் பைக்குள் தள்ளிவிட்டு அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டான்.

அக்கா விடியும் முன்பே போய்விட்டிருந்தாள். அவனுக்கு இன்னும் அழுகை வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைக் கடித்துப் பார்ப்போமே, அப்படி உள்ளுக்குள் எதையோ கடித்துக் கடித்துப் பார்த்தான். உறைக்கவில்லை.

அந்தக் கால்குலேட்டருக்குள் ஒரு நாடு இருந்தது. பெருக்கல் குறிகள் சேர்ந்தால் காடு, கூட்டல் குறிகள் சேர்ந்தால் கோட்டைச் சுவர். வட்டமான ஓர் எழுத்துதான் வீரன். அரக்கர்கள் ஆங்கில எழுத்தில் தமிழ் பேசினார்கள். வீரன் செத்தால் ‘போடா தவளை’ என்று திரையில் வரும். தவளை அவன்தான், அக்கா வைத்த பெயர்.

இன்ஷூரன்ஸ் ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரத்திலும், பஸ்ஸிலும், கடைசியில் கையில் ஊசி குத்திய நிலையில் கட்டைவிரலாலும் அவள் அந்த நாட்டை எழுதிக்கொண்டே இருந்தாள். விளையாடிப் பார்ப்பது அவன் வேலை. ஆனால் ஒரு நாளும் அவனைத் தொடங்க விட்டதில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி, ஏதேதோ அழுத்தி, ஆட்டத்தைத் திறந்து அவனிடம் நீட்டுவாள்.

“ஆரம்பிக்கிறது படைச்சவ வேலைடா. சாகுறது மட்டும்தான் உன் வேலை.”

நேற்று மாலையும் நீட்டினாள். “கடைசி அறைய முடிச்சிட்டேன். போய்ப் பாரு.”

“நாளைக்குப் பாக்கறேன்க்கா. கண்ணெல்லாம் எரியுது.”

“சோம்பேறி. சரி போ, நாளைக்கு.”

வீட்டுக்குப் போகும் காரில், முன் இருக்கையில் சித்தப்பா யார் யாருக்கோ போன் செய்துகொண்டிருக்க, அவன் கால்குலேட்டரை உயிர்ப்பித்தான். பட்டியலில் முதலாவதாக இருந்ததை அழுத்தினான். திரை வெளுத்தது. நடுவில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி: நினைவகம் அழிக்கப்பட்டது.

அம்புக்குறிகளை அழுத்தினான். என்டரை அழுத்தினான். வரி அசையவில்லை. அக்காவின் கால்குலேட்டரில் இருந்தது ஒரு நாளும் எங்கும் நகல் எடுக்கப்பட்டதில்லை. அதற்கான ஒயர் தொலைந்து வருடக்கணக்காகிறது. காடும் கோட்டையும் அந்தக் கடைசி அறையும், அவன் ஒரே அழுத்தில் துடைத்துவிட்டிருந்தான்.

“என்னடா, அப்படியே உக்காந்துட்ட?” என்றார் சித்தப்பா.

“ஒண்ணுமில்ல.”

வீட்டில் வாடகை நாற்காலிகள் வந்து இறங்கியிருந்தன. அம்மா அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவள் முன்நெற்றி முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா வருகிறவர்களிடமெல்லாம் “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். அவனிடமும் கேட்டார். பிறகு அவன் கையைப் பார்த்தார்.

“ஏதாவது கணக்குப் பாக்கணுமாப்பா?”

“இல்லப்பா.”

“சரி சரி. சாப்பிட்டியா?”

அக்காவின் பள்ளித் தோழி கடையைப் பூட்டிவிட்டு நேராக வந்தாள். மருந்துக்கடை நடத்துகிறவள், கையில் இன்னும் ரப்பர் பேண்ட் கிடந்தது. அக்காவை வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் சமையலறைக்கு வந்து, தொட்டிப் பக்கம் நின்றிருந்தவனிடம், “அழுதுடுடா” என்றாள்.

“அக்கா, நான் அவளோட கேமை அழிச்சிட்டேன்.”

அவள் கால்குலேட்டரை வாங்கித் திரையைப் பார்த்தாள். கண்ணருகே கொண்டுபோய் மறுபடி பார்த்தாள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தான். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“திருட்டுக் கழுதை. இத்தன வருஷமா இத வச்சிருக்காளா?”

“என்னக்கா?”

“பரீட்சை ஹால்ல வாத்தியார் ஒவ்வொரு பெஞ்சா வருவாரு. கால்குலேட்டர்ல எல்லாத்தையும் அழிச்சிட்டோமான்னு செக் பண்ணுவாரு. பிட்டு எழுதி வச்சிருப்போமாம். உங்கக்காவுக்கு கேம் போயிடக் கூடாது. அதான், அழிச்ச மாதிரியே ஒரு திரைய எழுதி முன்னாடி வச்சிட்டா. அவரும் தலைய ஆட்டிட்டுப் போவாரு, பாவம்.” விரலால் திரையைத் தட்டினாள். “நிஜமா அழிஞ்சிருந்தா கீழ ஒரு கட்டம் மினுக்கும். இதுல மினுக்கல பாரு. ஏழ அழுத்து.”

“ஏழா?”

“அழுத்துடா.”

அழுத்தினான். மெல்ல, மேலிருந்து கீழாக, கோட்டைச் சுவர் வந்தது. அப்புறம் கடைசி அறையின் கதவு. கதவின் முன்னால் வீரன். அக்காவே கடைசியாக ஆடிப் பார்த்திருக்க வேண்டும். வீரனின் உயிர் மூன்றுதான் மிச்சம். கீழே இரண்டு வரிகள். ஒன்று: உள்ளே போ. இரண்டு: சத்திரத்தில் படு.

“போடா உள்ள,” என்றாள் தோழி. “என்ன வச்சிருக்கான்னு பாப்போம்.”

வாசலில் வண்டி பின்னோக்கி வரும் சத்தம். “வா வா, இன்னும் கொஞ்சம், போதும்,” என்று யாரோ ஓட்டுநருக்கு வழி சொன்னார்கள். சித்தப்பா சமையலறைக்குள் தலையை நீட்டினார்.

“டேய், தூக்கணும். வா.”

“இதோ வர்றேன் சித்தப்பா.”

அவன் இரண்டை அழுத்தினான்.

திரை இருண்டு, மூலையில் உயிர் மட்டும் ஏறத் தொடங்கியது. நான்கு. ஐந்து. பழைய கால்குலேட்டர், ஒவ்வோர் எண்ணுக்கும் மூச்சு வாங்கியது. நடுவில் எதைத் தொட்டாலும் வீரன் பாதித் தூக்கத்தில் எழுந்துவிடுவான். அவன் கால்குலேட்டரைத் திரை மேலே இருக்கும்படி சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தான். யார் கையும் படாதபடி இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்த்தினான்.

ஆறு. ஏழு.

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வெளியே போனான்.